முட்டைப் பெட்டி

கடலைக் காணவில்லை.
ஜூன் மாதம், கிரெசென்ட் பீச், பகல் பதினொரு மணி.
வாகனம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிய அரைமணியில்
தண்ணீர் எழுந்து நடந்து போயிருந்தது.
நீச்சலுடையோடு நின்றோம்,
அழைத்தவர் வீட்டில் இல்லாத விருந்தாளிகள்போல.

"சந்திரன் இழுத்துக்கொண்டு போட்டுது" என்றாள் வினோதா.
"திருப்பித் தருமோ?" என்றான் மூன்று வயதுச் சேயோன்.
ஆதிரை ஒன்றும் கதைக்கவில்லை.
ஐஸ்கிறீம் குச்சியொன்றை நீர்விளிம்பில் நட்டாள்,
கடலுக்கு வரவு எடுப்பதற்கு.

வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு முட்டைப் பெட்டி.
பன்னிரண்டு குழிகளை நான்கு நான்காய்ப் பிரித்து
நீல மையில் எழுதியிருந்தாள்:
உயிர் உள்ளது
உயிர் இருந்தது
உயிர் இல்லாதது
மூன்று உயிரில் ஒன்றுக்குப் புள்ளி விடுபட்டிருந்தது.

உள்ளதைப் பெட்டிக்குள் போடக்கூடாது,
பார்த்துவிட்டுக் கோடு மட்டும் கீறவேண்டும்.
அது அவள் போட்ட சட்டம்.

கல்லைப் புரட்டினேன்.
வெளிச்சம் போட்ட குசினிபோல நண்டுகள் சிதறின.
"மெதுவா வையுங்கோ அப்பா, அது அவையின்ர கூரை."
தூணில் வாய்மூடிக் கிடந்த கொட்டலசுகளைக்
கோப்பை நீரில் அமிழ்த்திவிட்டு எண்ணத் தொடங்கினாள்.
நாற்பதுக்குப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள்.
ஐம்பத்திரண்டில்
ஒன்று இறகுக் காலை நீட்டித்
தண்ணீரை ஒருமுறை வாரியது.
கோடு கீறக்கூட மறந்துபோனாள்.

மணல் எந்தக் குழி?
உயிர் இல்லாதது, என்றேன்.
உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.
சிப்பித் தூள் மினுங்கியது.
பாதியை இங்கே போட்டாள், பாதியை அங்கே.

என் கையில் குப்பைப் பை.
டெல்டாவில் ஒரு கிடங்கில் இரவு வேலை எனக்கு.
பலகையில் அடுக்கிய பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் படலம் சுற்றுவேன்,
ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சுற்று.
அதனாலோ என்னவோ
கடற்கரையில் முதலில் குனிகிறவன் நான்தான்.
சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம்,
குளியலறை அடைப்பு எடுக்கும் கருவியின் வாய்போல.
பைக்குள் போட்டேன்.

வினோதா கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள்.
"ஐயோ, எடுங்கோ அதை!
நிலா நத்தையின்ர முட்டை. மணலும் சளியும் குழைச்சுச் செய்த கழுத்துப்பட்டி.
ஆயிரக்கணக்கில குஞ்சு இருக்கும் உள்ளே."
இரண்டு கையாலும் ஏந்திப் போய்
எடுத்த பள்ளத்திலேயே வைத்தேன்.
எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நினைவில்லை.

அதற்குள் ஆதிரையும் முட்டை கண்டுபிடித்திருந்தாள்.
வெள்ளையாய், பயறளவில், ஏழு.
காயாமலிருக்கக் கடற்பாசி போர்த்தியிருந்தாள்.
நகத்தால் அழுத்தினேன். அமுங்கவில்லை.
எனக்கு அவற்றைத் தெரியும்.
நான் சுற்றுகிற படலம்
படலமாவதற்கு முன் இப்படித்தான் இருக்கும்.
"ஒரு கணக்கில முட்டைதான்" என்றேன்.
"பிளாஸ்டிக்கின்ர முட்டை."

பிளாஸ்டிக் எதில செய்யிறது?
எண்ணெயில.
எண்ணெய்?
எப்பவோ கடல்ல செத்துப்போன சின்னச் சின்ன உயிர்களில.
"அப்ப, உயிர் இருந்தது" என்று குழியருகே கொண்டுபோனவள்
கையை நிறுத்தினாள்.
"இது எப்ப உக்கும்?"
நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

பெட்டியின் மூடியைத் திருப்பி,
ஏழையும் அதில் கொட்டி,
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்:
சாகத் தெரியாதது.
எல்லாப் புள்ளியும் சரியாக இருந்தது.

குச்சி எங்களை நோக்கி மிதந்து வந்தது.
"தந்திட்டுது! தந்திட்டுது!" என்று
சேயோன் சந்திரனில்லாத வானத்துக்குக் கை தட்டினான்.

திங்கள் இரவு, மூன்றாம் வாசல்.
ஆறாவது சுற்றில் இயந்திரத்தை நிறுத்தினேன்.
பலகையைத் தூக்கி இறக்கித்
தோளால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.
நாற்பது தாண்டியும் தமிழில்தான்.
சாயவில்லை.
பெட்டியின் ஓரத்தில்
ஒரு கோடு கீறினேன்.