மாவு வாளி

ஒண்ணு நாப்பதுதான் கையில்.
அதில் முப்பது, சீட்டு எடுத்தது.
இருபது, கம்மலை வைத்தது.
மீதி எல்லாம் இட்லி மாவு.
பேட்டையில் ஆட்டி, ஜங்ஷன் வரைக்கும்
பதினாலு கடைக்கு ஸ்கூட்டியில் சுமந்த மாவு.
முன்னால் ரெண்டு வாளி, பின்னால் ரெண்டு.
ஈரடுக்குப் பாலத்தில் ஒருநாள் சரிந்து
ரோடெல்லாம் வெள்ளை.
பின்னால் வந்த பஸ்காரன்
இறங்கி வந்து ஏசிவிட்டுப் போனான்.
அன்றைக்கு முடிவு பண்ணினது, கார்.

முதல் வண்டி வண்ணார்பேட்டையில்.
"ஒரே ஓனர், டாக்டர் வண்டி,
கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு"
என்றபடி புரோக்கர் மீரான் துடைத்துக்கொண்டே இருந்தான்.
பெயின்டில் என் முகம் தெரிந்தது,
முகத்தில் ஆசை தெரிந்தது.
மெக்கானிக் தொம்மை ஒன்றும் பேசவில்லை.
சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.
இன்னும் இழுத்தான்.
கடைசி முழத்தில்
குறுக்கே ஒரு கோடு, காய்ந்த வண்டல்.
எனக்குத் தெரியும் அந்த மண்ணை.
வெள்ளம் வந்த மார்கழியில்
எங்கள் கிரைண்டருக்குள்ளும் இதே நிறம்தான்.
"டாக்டர் என்னவே, ஆத்துக்குள்ள
இருக்க கோயிலுக்கா போனாரு?"
மீரான் போனை எடுத்துக் காதில் வைத்தான்.
அது அடிக்கவே இல்லை.

இரண்டாவது தச்சநல்லூர்.
மீட்டரில் நாற்பதாயிரம்.
கிளட்ச் பெடலின் ரப்பரோ
குளத்துப் படித்துறை போல வழுவழு.
அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

மூன்றாவது பெருமாள்புரம்.
ஜெபக்கனி டீச்சர் வீட்டு வேப்பமரத்தடியில்
நீலமும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒன்று நின்றது.
ஒரு கதவு மட்டும் வேறு நீலம்.
எனக்குப் பிடிக்கவில்லை.
டீச்சர் ஒரு கோடுபோட்ட நோட்டைக் கொண்டுவந்து
வருகைப்பதிவு வாசிப்பதுபோல வாசித்தாள்:
ஏசி கிடையாது.
இடது பின்கதவு வெளியே இருந்து திறக்காது.
மழை பெய்தால் மூணாவது கியர் முரண்டு பிடிக்கும்.
முருகன்குறிச்சியில் ஆட்டோவோடு மோதியது, தப்பு என்னுடையது.
ஆயில் மாற்றிய தேதி, ஆயில் மாற்றிய தேதி,
ஆயில் மாற்ற மறந்த தேதி.
பொண்ணு பார்க்கப் போன இடத்தில்
மாப்பிள்ளையைப் பெத்தவளே
"அவனுக்குக் குடி உண்டும்மா" என்ற மாதிரி இருந்தது.
தொம்மை முதல்தடவையாகச் சிரித்தான்.

ஸ்கூட்டியில் இருந்து ஒரு வாளியை இறக்கினேன்,
கழுத்துவரை மாவு, மூடி இல்லாமல்.
பின்சீட்டில் வைத்தேன்.
டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
தியாகராஜ நகர் ரயில்வே கேட் வரை போனோம்.
தொம்மையின் காது இன்ஜினில்,
என் கண் வாளியில்.
வேகத்தடையில் மாவு எழும்பியது,
விளிம்பைத் தொட்டது,
ஒரு கொப்புளம் உடைந்தது,
திரும்ப இறங்கி உட்கார்ந்தது.

"ஒண்ணு அம்பது" என்றாள்.
"பத்து கொறையுது டீச்சர்."
"அப்போ மாவாக் குடு. நான் ஒத்தைதான்,
வாரம் ஒரு கிலோ."
கிலோ நாற்பத்தைந்து. விரல்விட்டுப் பார்த்தேன்.
"நாலு வருசத்துக்கு மேல வருதே.
அதுவரைக்கும் வண்டி ஓடுமா?"
"அதுவரைக்கும் மாவு புளிக்காம வருமா?"
ரெண்டு பேரும் கொஞ்சநேரம்
வேப்பமரத்தைப் பார்த்தோம்.
தொம்மைக்கு ஐநூறு, அதுவும் கடன்.

நோட்டும் வண்டியோடு வந்தது,
பாதிப் பக்கம் மிச்சம்.
முதல்நாள் காலை நாலே முக்கால்,
டவுன் ஆர்ச் பக்கம் குறுக்கே ஒரு நாய்.
பத்து வாளியில் ஒன்று கவிழ்ந்தது.
அவள் எழுத்துக்குக் கீழே என் எழுத்து,
கொஞ்சம் கோணலாக:
பின்சீட்டில் மாவு. தப்பு என்னுடையது.
மூடியைச் சரியாக அழுத்தவில்லை.
பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.
நாய்க்கு ஒன்றும் இல்லை.