வாய் மட்டும்

டிசம்பர் இரண்டாம் தேதி ஒத்திகை முடிந்ததும்
ரெஜினாள் டீச்சர் என்னை நிறுத்தினார்.
கீபோர்டை அணைத்து, உறையைப் போட்டு, ஜிப்பையும் இழுத்தபிறகு:
"வர்றதை நிறுத்திடாதீங்க சின்னப்பன்.
வாயை மட்டும் அசைங்க."

பதினெட்டு வருஷம் கிரானைட் பாலீஷ்.
எந்த ஊர் வங்கிக்கோ, எவர் வீட்டுச் சமையல் மேடைக்கோ
முகம் தெரியத் தேய்த்து அனுப்பிய கல்
மிச்சத்தை என்னிடம் விட்டுப் போயிருக்கிறது.
பர்கூர் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக் காட்டினார்:
விடிகாலைப் பனியில் நெடுஞ்சாலை.

சரி என்றேன்.
டெனர் வரிசையில் இருப்பதே நாலு பேர்.
ஒருவன் குறைந்தால் பல் விழுந்த மாதிரி தெரியும்.

அசைப்பதும் லேசில்லை.
'ஆ'வுக்குத் தாடை இறங்க வேண்டும்.
'ம்' வரும்போது என் உதடு முந்திக்கொள்ளக் கூடாது.
பாடிய காலத்தில் கேட்காததெல்லாம் இப்போது கேட்கிறது.
இஞ்ஞாசி மூன்றாம் வரியில் மூச்சைத் திருடுகிறான்.
சோப்ரானோ பிள்ளைகள் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுவதுபோல்
உச்சிக்கு ஓடுகிறார்கள்.
டீச்சரே ஓரிடத்தில் தப்பான கட்டையைத் தொட்டுவிட்டு
யார் கவனித்தது என்று பார்க்கிறார்.
நான் கூரையைப் பார்த்தேன்.

கேரல் சுற்றில், கந்திகுப்பத்தில்,
தூக்கக் கலக்கத்தோடு லுங்கியை இறுக்கியபடி வந்த ஒருவர்
ஐம்பது ரூபாயை உண்டியலில் திணித்துவிட்டு
என்னைக் காட்டிச் சொன்னார்:
"அந்த நெட்டை ஆளுதான் உருகிப் பாடறாரு."
இஞ்ஞாசி மப்ளரைக் கடித்துக்கொண்டான்.
டீச்சர் டெம்போவுக்குள் எதையோ தேடினார்.
எனக்கு அன்றிரவு தூக்கம் நன்றாக வந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதிராப் பூசை.
எலத்தகிரிக் கோயிலில் நிற்க இடமில்லை.
புது வைக்கோல், சாம்பிராணி, நாலு மாதிரி சென்ட்.
தொண்டையில் அது எழுந்தது. விழுங்கினேன்.
உன்னத கீதம் முழுக்க, மணிகள் அடங்கும்வரை
விழுங்கிக்கொண்டே வாயசைத்தேன்.

சாமியார் பாலன் சுரூபத்தை ஏந்திக் குடிலருகே குனிந்தார்.
ஒரு செருப்பும் தேயாத அமைதி.

அப்போது இருமினேன்.
நெஞ்சைப் பெயர்த்து எடுக்கிற இருமல்.
முன்வரிசைகள் திரும்பின.

ஆண்கள் பக்கம், கதவோரம், இன்னொருவர்.
எங்கள் ஷெட்டு தைரியநாதன், எனக்கு அந்த இருமல் தெரியும்.
தூணுக்குப் பின்னால் ஒரு கனத்த குரல்.
வெளியே ஷாமியானாவுக்கடியில் இரண்டு, மெலிசாக.
பெண்கள் பக்கமிருந்தும் ஒன்று:
கழிவுக்கல் அள்ளுகிற செங்கோல்மேரி, முந்தானையைப் பொத்தி.
ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்தார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சுரூபம் இன்னும் சாமியார் கையில்.

டீச்சரின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே
அரை அங்குலத்தில் நின்றன.
கடைசி இருமல், வாசற்படியில், முடிகிறவரை
அவர் விரல்களை இறக்கவில்லை.

பிறகு சுருதி கொடுத்தார்.
நான் வாயைத் திறந்தேன்.