மூன்றாம் வாரத்துப் பிணம்

மூன்றாம் வாரத்தில் பன்னிரண்டு நிமிடம் வருகிறேன்.
நாலு நிமிடம் உயிரோடு,
மீதி எட்டும் தரையில்.

புதன்தோறும் ஒரு கொலை, புதன்தோறும் ஒரு ஊர்.
போன வாரத்து ஆட்கள் இந்த வாரம் இல்லை.
கிம்பர்லியில் சுரங்கத்தைப் பங்கு போட்ட இரட்டையர்,
நைஸ்னாவில் விஷம் வைத்த பாதிரியார்,
அப்புறம் நாங்கள்.
இரண்டு லாரி விளக்கும்
வாடகை மழையும் கொண்டு
சாட்ஸ்வொர்த்துக்கு வந்து இறங்கினார்கள்.

ஜூலை. டர்பனில் வானம் வறண்டு கிடக்கும் மாதம்.
மோபெனி தையல் ஆலைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு
குழாய் மழையில் பதினோரு தடவை செத்தேன்.
வீட்டில் நான் நைட்டிதான் என்றேன்.
புடவை இருந்தால்தான் ஆன்ட்டி, யாரென்று தெரியும்,
என்றான் லுங்கேலோ, நல்ல பையன்,
என் வாயில் விழுந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு.
எண்ணூறு ராண்ட். மதியச் சாப்பாடு தனி.

பிறகு எழுத ஆரம்பித்தார்கள்.
ஜோஹனஸ்பர்க் தாள் நாலு நட்சத்திரம் போட்டது.
புருஷனாக நடித்தவனுக்கு முக்கால் பத்தி:
அடுக்கடுக்கான மனிதன்,
அவன் குரூரத்துக்குள் ஒரு குழந்தை அழுகிறது.
கேப் டவுன்காரர் இரண்டரைதான் கொடுத்தார்,
ஆனால் அந்தக் குழந்தை அவருக்கும் கேட்டிருக்கிறது.
இழுத்து இழுத்து நடக்கும் இன்ஸ்பெக்டரை எல்லோருக்கும் பிடித்தது,
அந்தக் காலுக்கே விருது கொடுப்பார்கள் போல.
நான் 'மனைவி'.
ஒருவர் மட்டும் கொஞ்சம் கூடுதலாய்
'கதைக்குத் தேவையான மனைவி'.

எங்கள் தெருவின் விமர்சனம் வேறு.
கடைசிப் பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது.
கொன்றது யாரென்று திரையில் பார்க்காமலே
இருட்டில் வாசலுக்கு வந்து நின்றார்கள்,
அவர்களுக்கா தெரியாது.
தயாளன் பெண்சாதி மெழுகுவர்த்தியோடு வந்து சொன்னாள்:
நீ கரண்டி பிடித்த விதம்தான் சரியில்லை.
மற்றபடி நன்றாய்ச் செத்தாய்.

ஒரு வரி இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.
விழுவதற்கு முன் உங்கள் பாஷையில் ஏதாவது பேசுங்கள் என்றார்கள்.
எதுவானாலும் சரி, ஓசை வந்தால் போதும்.
பேசினேன்.
திரையின் அடியில் 'வேறு மொழியில் பேசுகிறாள்' என்று ஓடியது.
அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.
பழங்காலச் சாபம் என்றது ஒரு தாள்.
பலியாகிறவளின் பிரார்த்தனை என்றார் நாலு நட்சத்திரக்காரர்,
மொழிபெயர்க்காமல் விட்டதுதான் கலை என்றும்.

நான் சொன்னது, அடுப்ப அணைச்சிடு.

எங்கள் பின்வேலிக்கு அந்தப்புறம் நடந்த கதை அது.
பெயரை மாற்றினார்கள். வீட்டு எண்ணை மாற்றினார்கள்.
மழையைச் சேர்த்தார்கள்.
நீலாவதி போன அன்று நல்ல வெயில்,
துணியெல்லாம் காய்ந்து மொடமொடவென்று தொங்கியது.
பருப்பு கருகும் வாசனைதான் முதலில் வேலி தாண்டி வந்தது.
கூப்பிட்டேன். பின்கதவு சும்மா சாத்தியிருந்தது.
உள்ளே போனேன். பார்த்தேன்.
பார்த்துவிட்டு,
கத்தவில்லை, குனியவில்லை,
அவளைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போய்
அடுப்பை அணைத்தேன்.

போலீஸிடம் இதைச் சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை.
கதை எழுத வந்த பெண்ணிடம் சொன்னேன்,
நல்ல காட்சி, ஆனால் நீளம் இடிக்கும் என்றாள்.
அதனால் நீலாவதி வாயாலேயே சொல்லவைத்தேன்,
புடவையும் ஈரமுமாக,
அவள் ஒருநாளும் உடுத்தாத நிறத்தில்.

வெஸ்ட்வில் சிறையில்
புதன் ராத்திரி டிவி போடுவார்களாம்.
ஜெனரேட்டர் உண்டு, கரண்ட் போவதில்லை.
அவள் புருஷனுக்குத்
தமிழ் நன்றாகவே தெரியும்.