இருபத்து நாலாவது குண்டு

செக்காலை ரோட்டில் என் லேத்துக்கு வருவதெல்லாம்
போர்வெல் மோட்டார், டிராக்டர் அச்சு,
வெள்ளிக்கிழமைகளில் கல்யாண மண்டபத்து கிரைண்டர்.
உமையாள் ஆச்சி துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது
பினாங்கிலிருந்து.
அவிழ்த்ததும் மேசையெல்லாம் உப்பு.
அசையாத ஒரு டிரம். உள்ளே பேரிங்
பச்சை பூத்து இறுகிக் கிடந்தது.

"படகோட முன்பாயைச் சுருட்டுறது" என்றார்.
தேக்குப் படகு, தொண்ணூறு வயசு.
ஓட்டுகிறவர் இவர் ஒருத்தர்தான்.
ராத்திரி ரெண்டு மணிக்கு சுமத்ராக் காற்று இறங்கியதாம்.
கயிற்றை இழுத்தால் பாதிப் பாய் சுருண்டு
பாதி நின்றுவிட்டது.
நாற்பது நிமிஷம் அந்தப் பாதி அறைந்த அறையில்
மரத்தின் உச்சி நடுங்கியதை
முன்மூக்கில் மண்டிபோட்டுப் பார்த்தாராம்.
சொல்லும்போது
விரல்நகம் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

எனக்குக் கடல் என்றால் தொண்டியில் ஒருநாள், முழங்கால் வரை.
அன்றைய பேப்பரைப் பென்சிலில் சுற்றினார்.
அடியில் நூலை எதிர்ப்பக்கம் சுற்றினார்.
"பாய் விரிய விரியக் கயிறு டிரம்முல ஏறும்.
கயித்தை இழுத்தா, அது அவிழ அவிழப்
பாய் சுருளும்."
"பற்று வரவு" என்றேன்.
பேரேட்டு வீட்டில் பிறந்தவர்
அதற்குச் சிரிக்கவில்லை.

மதுரையிலிருந்து கன்மெட்டல் உருட்டு.
பதினொரு நாள் கடைசல்.
டிரம் சுலபம்; கழுத்தறுத்தது மேல்மூட்டு:
அது பாயோடு சுழல வேண்டும்,
அதைத் தூக்கிப் பிடிக்கும் கயிறு மட்டும்
சுழலவே கூடாது. சுழன்றால்
கம்பியைப் பின்னிக்கொண்டு கழுத்தை நெரிக்கும்.
இரண்டுமுறை கெடுத்தேன். மூன்றாவது
விரலால் தட்டினால் ஒரு பாட்டு முடியும்வரை சுற்றியது.

உப்புத் தின்னாத வெள்ளைக் குண்டுகள்
ஆச்சியே கொண்டுவந்தவை. இருபத்து நாலு.

கானாடுகாத்தான் வீட்டில், இரண்டாம் கட்டு முற்றத்தில்,
மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே தண்ணீர்க் குழாய்வரை
கம்பியை முறுக்கிக் கட்டினோம்.
வீடு பார்க்கும் மாசிலாமணி ஆட்டை வெளியே விரட்டினார்.
ஆடி பதினேழு.
ஆச்சி பாயை அவிழ்த்துவிட்டார்.

சரசரவென்று டிரம்மில் கயிறு ஏறியது.
முதலில் ஒன்றுமில்லை,
பழைய டீயின் நிறத்தில் ஒரு துணி.
பிறகு ஓட்டு விளிம்பில் குப்புற விழுந்தது காற்று.
முற்றத்து வானம் முழுக்கப் பாய்.
தூணெல்லாம் முனகியதாக மாசிலாமணி
இன்றைக்கும் சொல்கிறார்.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
வீடு ஒரு நூல்கூட நகரவில்லை.
அம்மியும் பறக்கவில்லை.
குழாய் பறந்தது.

தளமெல்லாம் தண்ணீர். ஆளுக்கொரு கூச்சல்.
அறுந்த கம்பி போகும் பக்கமெல்லாம் தலைகுனிந்தோம்.
ஆச்சி மட்டும் நனைந்தபடி கயிற்றை இழுத்தார்,
கைமாற்றிக் கைமாற்றி, அவசரமில்லாமல்.
பாய் தன்னையே உள்ளே வாங்கிக்கொண்டு
ஒரு கோலாக நின்றது.
"பதினாலு இழுப்பு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

குழாய்க்கான காசைப் பில்லில் கழித்துக்கொண்டேன்.
மறுநாள் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மூட்டி
மூன்று அடுக்கு அட்டையில் கட்டிக் கொடுத்தேன்.
அவர் கார் திருச்சி ரோட்டில் திரும்பிய பிறகு
பீடிக்காகச் சட்டைப் பையில் கைவிட்டேன்.

வெள்ளையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக,
ஒன்று.

இருபத்து மூன்றிலும் ஓடும். தொழில் தெரிந்தவனுக்கு அது தெரியும்.
இடைவெளி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.
ஓடும்.
ஐப்பசியில் ஒரு செய்தி வந்தது, போனில்:
"நேத்து நல்ல காத்து. சுருண்டுச்சு."
கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன்.

குண்டு ஆணி டப்பாவில் இருக்கிறது.
எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.
அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்று
டீக்கடை டிவியில் சொன்னால் மட்டும்
பாதி டீயோடு எழுந்து வந்து
டப்பாவைத் திறந்து பார்க்கிறேன்,
ஏதோ நான் பார்த்துக்கொண்டிருந்தால்
மற்ற இருபத்து மூன்றும்
இடம் மாறாமல் இருக்கும் என்பதுபோல.