சம்பவம் ஏதுமில்லை

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலை இது,
டர்பனில், மோபெனியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்.
நாளொன்றுக்கு ஒன்பது டன்:
பிரசவ விரிப்பு, அறுவை அறையின் பச்சை,
யாரோ கடைசியாகத் தலைசாய்த்த உறை.
எனக்கு மேலே ஆறு பேர், கீழே நாற்பத்திரண்டு.
நடுவில் நான், கோகிலாம்பாள் பாதர்,
எல்லோருக்கும் கோகி,
இடுப்பில் கைபேசி.

போன வருஷம் வரை
அது அடித்தால்தான் நான் இருந்தேன்.
ஐந்தரைக்கு அடிக்கும்: கொதிகலன் நின்றுவிட்டது.
ஆறேகாலுக்கு: லாரிக்காரன் வரவில்லை.
ஏழுக்குள் குரல் கம்மிவிடும்,
இரண்டு பேரைத் திட்டி, ஒருவரைக் கெஞ்சி
எப்படியோ எட்டு மணிக்கு விரிப்புகள் போய்ச் சேரும்.
'தீயணைப்பு வண்டி' என்று பேர் வைத்தார்கள்.
டிசம்பர் விருந்தில் ஒரு சான்றிதழும்
மின்கெட்டில் ஒன்றும் தந்தார்கள்.
பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.
எரிகிற வீட்டுக்குள் ஓடுகிறவளைத்தானே
தெருவே நின்று பார்க்கிறது.

ஈஸ்டர் கழிந்து ஐந்தாம் வாரம்
இரண்டாம் இஸ்திரி உருளையின் தாங்கி உடைந்தது.
பதினான்கு மணி நேரம்.
ஈர விரிப்புகள் குன்றாய்க் குவிந்து புளித்தன.
ஓடினேன், வேறென்ன,
பைன்டவுனுக்கு ஆள் அனுப்பி,
போட்டி ஆலையிடம் பல்லிளித்து.
நள்ளிரவில், கவிழ்த்த கூடைமேல்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது
நொம்வூலா சொன்னாள்:
"ஈஸ்டருக்கு முந்தியே அது முனக ஆரம்பித்துவிட்டது."

"ஏன் சொல்லவில்லை?"

விரிப்பின் இரண்டு முனைகளையும்
அவள் நீவிவிட்டாள்.
"சொல்ல வந்தேன்.
நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள்."

பதினோரு வருஷம் அந்த உருளையோடு நிற்பவள்.
முனை தப்பினால் முழுத்துணியும் சுருண்டு
உள்ளே போய்விடும் என்று உள்ளங்கைக்குத் தெரியும்.
தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை
அவளுடையதில்லை.
அதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு
கைபேசியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
அரை மணி நேரம்தான்.
சிகரெட்டை விட்டவன்போலக் கை துழாவியது.
ஒவ்வொரு எந்திரமாக நின்று ஒரே கேள்வி கேட்டேன்:
"அடுத்து எது உடையும்?"
யாரும் வாய் திறக்கவில்லை.
பழிபோட ஆள் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.
வேறு எதற்கு வந்திருக்கிறேன், இத்தனை நாளும்?
ஒன்பதாம் நாள் சிபூசீசோ
தரையைப் பார்த்தபடி சொன்னான்:
"நாலாவது உலர்த்தி. பெல்ட்."
வாங்கினோம். நூற்று எண்பது ராண்ட்.

நடுவே ஒரு வெள்ளிக்கிழமை
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
பழைய கோகி துள்ளி வெளியே வந்தாள்.
அதே சிபூசீசோவைக் கூடம் முழுக்கக் கேட்கத் திட்டினேன்.
திங்களன்று கூடம் முழுக்கக் கேட்க
மன்னிப்பும் கேட்டேன்.
திட்டுவதற்கு வந்த மூச்சில்
பாதிகூட வரவில்லை அதற்கு.

ஆகஸ்ட் அறிக்கை.
'சம்பவங்கள்' பத்தி வெறிச்சோடிக் கிடந்தது.
வான் வைக் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"உனக்கு நல்ல அதிர்ஷ்டம், கோகி, இந்த மாதம்."
அறுந்துபோகாத பெல்ட்டை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
நிற்காத உருளை
எத்தனை மணி நேரம் நிற்கவில்லை?
டிசம்பர் வரும். கெட்டில் வேறு யாருக்கோ போகும்.
கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

இன்று காலை நொம்வூலா என்னை நிறுத்தினாள்.
என் கையைப் பிடித்து
மூன்றாம் உருளையின் இரும்பு உறைமேல் வைத்தாள்.
சூடு. அதற்கடியில் நடுக்கம்,
எல்லா நாளும் இருக்கிற அதே நடுக்கம்.
"தெரிகிறதா?"

தெரியவில்லை.
இழுப்பறைக்குள் கைபேசி அடிக்கிறது.
கையை எடுக்காமல் நிற்கிறேன்.