ஓர் அட்டைக்குப் பத்து

"சீட்டு இல்லாம தரமாட்டேன்."
ஜெசிந்தா சொன்னது மூன்றே சொல்.
கத்தி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஓட்டேரி, மருந்துக்கடை, இரவு பத்தே முக்கால்.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே
முதலில் தெரிந்தவை செருப்புகள்.
ஒன்று நீலம்.
இன்னொன்று வார் பிய்ந்து ஊக்கு குத்தியது.

இதை அவள்
தையல் போட்டவரிடம் சொன்னாள்,
ஸ்டேஷனில் ரைட்டரிடம், மறுநாள் வேறொரு ரைட்டரிடம்,
எலும்பு வார்டில், இலவச சட்ட உதவி ஜன்னலில்,
சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட முதலாளியிடம்.
என்னிடம் வந்து சேர்ந்தபோது
ஊக்கைக் காணோம். செருப்பு இரண்டும் நீலம்.
"சொல்லச் சொல்லத் தேயுது மேடம்,
சோப்பு மாதிரி."

தேயாத ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை.
அறுந்த மணிக்கட்டு நரம்புக்கு
ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தது
அவள் தர மறுத்த அதே மாத்திரை.
பத்து நாளைக்கு, முறையான சீட்டோடு.
பதினோராம் நாள் வலி நின்றது.
கை கேட்பது நிற்கவில்லை.
சீட்டு கேட்காத கடைகள் எவை என்று
அவளுக்குத் தெரியாதா,
அந்தத் தொழிலில் ஆறு வருடம்.

என் கோப்பில் அவள் பாதிக்கப்பட்டவர்.
எஸ்.ஐ. திலகாவின் கோப்பில் முதல் சாட்சி.
வக்கீல் சுகிர்தாவுக்கு மனுதாரர்.
டாக்டர் முபீனுக்கு, மூன்று மாதம் கழித்து, போதை நோயாளி.
ஜெசிந்தா, ஜசின்தா, யாசிந்தா, ஜெ. சிந்தா.
நான்கு பேரைத் தேடி
நான்கு கட்டடம் ஏறி இறங்கினாள்
ஒருத்தி.

ஒரு செவ்வாய், கீழ்ப்பாக்கம், புறநோயாளிகள் போன பிறகு
நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்தோம்.
நாற்காலி மூன்று. திலகா சீருடை இல்லாமல் வந்து
எடை பார்க்கும் மேடையில் உட்கார்ந்தார்.
மாத்திரை விஷயம் தாளில் ஏறினால்
எதிர்த்தரப்பு கிழித்துவிடும் என்றார்.
மறைத்தால் குறுக்கு விசாரணையில் நாறும் என்றார் சுகிர்தா.
அவள் சம்மதம் இல்லாமல்
என் குறிப்பில் ஒரு வரி வெளியே போகாது என்றார் முபீன்.
நான் எல்லோருக்கும் தலையாட்டினேன்.
அரை மணி நேரம்.
வெளியே பெஞ்சில் அவள் காத்திருப்பது
டீ கொண்டுவந்த பையன் சொல்லித்தான் நினைவு வந்தது.

உள்ளே வந்தாள். கேட்டாள். கட்டுப் போட்ட கையை
மேசைமேல் வைத்தாள்.
"எழுதுங்க.
எது முதல்ல நடந்துச்சோ
அதை முதல்ல எழுதுங்க."

ஒரே ஒரு முறை சொன்னாள் அன்று.
நால்வரும் கேட்டோம்.
ஊக்கு திரும்பி வந்தது.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.
வழக்கு ஏழாவது வாய்தாவில் நிற்கிறது.
நிவாரணத் தொகையில் பாதி வந்திருக்கிறது.
ஐப்பசி மழையில் தெரு முழங்கால் தண்ணீரில் கிடந்த வாரம்
ஓர் அட்டை வாங்கி, நான்கு விழுங்கி,
ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு திலகாவுக்குத்தான் போன் செய்தாள்.
போலீசுக்கு!
திலகா முபீனை எழுப்பினார், முபீன் என்னை.
நீலச் செருப்புக்காரன் ஜாமீனில்
அதே சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறான்.
அவனுக்கு வெள்ளி, அவளுக்குப் புதன்.
அந்த இரண்டு நாளைப் பிரித்து வைக்க
ஆறு போன், ஒரு கடிதம்.

புதன்கிழமை எண்ணிக் கொடுக்கும் மாத்திரையை
ஜெசிந்தா உடனே விழுங்குவதில்லை.
உறையைத் திருப்பி
காலாவதித் தேதியைப் பார்க்கிறாள்.
ஏன் என்றேன்.
"பழக்கம் மேடம்."

அறையில் யாரும் பேசவில்லை.
அவள்தான் முதலில் சிரித்தாள்.