இதர

கீழக்கரையில் ஐந்து மணி பஸ். மடியில் ஐஸ் பெட்டி.
முதல் நாள் கண்டக்டர் மீனா என்றார்,
மறுநாள் தடுப்பூசியா என்றார்,
மூன்றாம் நாள் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.
அதன்பின் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்வதில்லை.
எனக்கும் கால் நீட்ட இடம்.

வாலிநோக்கம் உப்பளம்.
வேலைக்கு முன் ஒரு குப்பி, வேலை முடிந்து ஒரு குப்பி,
நாற்பத்திரண்டு பெண்கள், பன்னிரண்டு நாள்.
வெயில் சிறுநீரகத்தை என்ன செய்கிறதென்று
சென்னையில் ஒருவருக்குத் தெரியவேண்டும்.
எனக்கும்தான்.

வரப்பில் ஒரு முக்காலி. அதன் தலையில் கறுப்புப் பந்து,
பக்கத்தில் ஈரத் திரி, காற்றுக்குச் சுழலும் சின்னக் கிண்ணம்.
கேமராவா என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார் சண்முகக்கனி.
சூடு பார்க்கிற கருவி என்றேன்.
"அதுக்கு எதுக்குப் பந்து? என்னையக் கேளு."

பாத்தியில் மேஸ்திரி கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு
இருபத்தைந்தைத் தொட்டதா என்று குனிகிறார்.
தொட்டால் உப்பு பூக்கும்.
கொட்டகையில் நான் ஒரு சொட்டைச் சில்லில் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறேன்.
ஆயிரத்து முப்பது. ஆயிரத்து முப்பத்திரண்டு.
இருவரும் ஒரே மாதிரி ஒற்றைக் கண்ணை மூடி நிற்பதை
இருளாயி பார்த்துவிட்டார்.
"விடுங்கடி, நம்ம மூத்திரத்துலயும் உப்பு வாரலாம் போல."
மூன்று பாத்தி தாண்டிச் சிரிப்பு போனது.

கேள்வி பதினெட்டு:
தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஏன்?
தாகம் இல்லை. தண்ணீர் கிடைப்பதில்லை.
அவசியம் தெரியாது. இதர.

தண்ணீர் இருக்கிறது. நீல டிரம் நிறைய,
காலையில் லாரி வந்து ஊற்றிய தண்ணீர்.
"குடிச்சா எங்க தாயி போறது?"
இருளாயி கையை ஒரு சுற்று வீசினார்.
பாத்தி, பாத்தி, தெற்கே கடல்,
இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் நிற்காத ஊர்.
வெகுதூரத்தில் பச்சையாய் ஒரு கீறல், சீமைக்கருவேலம்.
போய்வர அரை மணி.
அரை மணிக்கு மேஸ்திரி நோட்டில் ஒரு கோடு.
ஆண்களுக்கு முதுகைத் திருப்பினால் போதும்.

குப்பி நிரப்ப மறைவு வேண்டுமே என்று
முதல் நாளே நான்கு கம்பு நட்டு
நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தோம்.
ஆய்வுப் பொருள்களில் அதுவும் ஒன்று.

நான்காம் நாள் எண்கள் இறங்கின.
ஆயிரத்து இருபத்தொன்று. பதினெட்டு.
சண்முகக்கனிக்குப் பதினான்கு.
கருவி கெட்டதோ என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
வெயில் குறையவில்லை, கறுப்புப் பந்து முப்பத்துமூன்றில்.
மதியம் டிரம்மைத் தட்டினேன்,
அடிவயிற்றில் ஓங்கி ஒலித்தது. காலி.
தார்ப்பாய்க்கு முன்னால் வரிசை,
கையில் குப்பி இல்லாமல்.

போனில் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவர்:
நாம் வந்ததால் மாறிய உடம்பை நாம் அளக்கக்கூடாது,
மாதிரி எடுக்கும் நேரம் தவிர மறைப்பைக் கழற்றிவிடுங்கள்,
இல்லாவிட்டால் தரவு கெட்டுவிடும்.

சரி சார் என்றேன்.
கம்பருகே போய் முடிச்சைத் தொட்டும் பார்த்தேன்.
உப்புக் காற்றில் கயிறு இறுகியிருந்தது,
அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.
அன்றுதான் நானும் முழு பாட்டில் குடித்தேன்.

நாற்பத்திரண்டு தாளிலும் இதர என்ற கட்டத்தில்
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதினேன்.
கணினியில் ஏற்றுகிறவருக்கு அது ஒற்றை எழுத்துதான், ஈ.

பன்னிரண்டாம் நாள், ஒப்படைக்க வேண்டியவை:
முக்காலி ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று,
கண்ணாடிச் சில்லுக் கருவி ஒன்று,
நீலத் தார்ப்பாய் ஒன்று.
கடைசிக்கு எதிரே எழுதினேன்:
காற்றில் போய்விட்டது.

அன்று கிண்ணம் ஒருமுறைகூடச் சுழலவில்லை.
முக்காலியின் பதிவில் மணிக்கு மணி இருக்கும்,
சுழி, சுழி, சுழி.
யாராவது பார்த்துக் கேட்கட்டும்.